ஸ்க்ரூ போட்ட இடத்துக்கு மேல் டிஸ்க் தேய்ந்தால்?

கேள்வி: வயது 54. பல்லடம் பக்கம் தறிக்குடோன் வைத்திருக்கிறேன். ஆறு வருடம் முன்பு இடுப்பில் எல் 4, எல் 5 எலும்புகளை ராடு வைத்து இணைத்தார்கள். இப்போது ஸ்கேனில் அதற்கு மேல் டிஸ்க்கும் தேய்ந்திருக்கிறதாம். குனிந்தால் 'டக்' சத்தம், மார்கழியில் இறுக்கம். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தால் தொடை கனக்கிறது, உட்கார்ந்தால் சரியாகிறது. ராடு துருப்பிடிக்கும், எலும்பு வரிசையாகப் போய்விடும் என்கிறது யூடியூப். மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கித்தான் ஓட்டுகிறேன்.

பதில்: கடைசியில் படுக்கையில் விழுந்துவிடுவோமோ என்பதுதானுங்களே பயம்? எலும்பு அப்படி வரிசை கட்டிப் போகாது. இணைத்த இடம் அசையாததால் அந்த வேலையும் பக்கத்து டிஸ்க், அதாவது எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை, மேல் விழுகிறது, பெரும்பாலும் மேலே இருப்பதன் மேல். அதனால் தேய்வு வரும். ஆனால் தேய்ந்தவர்கள் எல்லோருக்கும் தொல்லை வருவதில்லை. தொல்லை என்று டாக்டரிடம் வருவது, இப்படி எலும்பு இணைத்தவர்களில் ஆண்டுக்கு நூறில் சுமார் 2 முதல் 4 பேர். அவர்களிலும் எல்லோருக்கும் மறு ஆபரேஷன் கிடையாது. கத்தியே படாத 54 வயது முதுகை ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் ரிப்போர்ட்டில் 'தேய்வு' என்றுதான் இருக்கும்.

சத்தமும் மார்கழி இறுக்கமும் கிடக்கட்டும். ராடு பொதுவாக டைட்டானியம், துருப்பிடிக்காது. அந்த வீடியோவை மூடுங்கள்.

எனக்குப் பட்டது தொடை கனப்பதுதான். நடந்தால் கனத்து, உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ விடுகிறது என்றால், எல் 3, எல் 4 இடையே நரம்புக்கு இடம் குறைந்திருக்கலாம். ரத்த ஓட்டம் குறைந்து வரும் வலி என்றால் சும்மா நின்றாலே விட்டுவிடும். போன வருடம் எவ்வளவு தூரம் நடந்தீர்கள், இப்போது எவ்வளவு? படி இறங்கும்போது முட்டி மடங்கிக் காலை வாரிவிடுகிறதா? தூரம் குறைந்துகொண்டே வந்தால் இந்த மாதமே முதுகெலும்பு சர்ஜனைப் பாருங்கள். முட்டி மடங்கினால் இந்த வாரமே. எம்.ஆர்.ஐ. படத்தோடு, நின்றபடி குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேயும் வேண்டும். படுத்து எடுக்கும் ஸ்கேனில் எலும்பு நழுவுவது சில நேரம் தெரியாது. பெரும்பாலோருக்குப் பிசியோதெரபியே போதும்.

மாத்திரை விஷயத்தில் எனக்குக் கோபம்தான். டைக்ளோஃபெனாக் மாதிரியானவற்றை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண், கிட்னியில் கோளாறு. வலி மட்டும் அமுங்கும், நசுங்கும் நரம்பு நசுங்கிக்கொண்டே இருக்கும். கடைக்காரர் உங்கள் கிரியாட்டினின் (கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தா கொடுக்கிறார்? பீடி, சிகரெட் இருந்தால் அதையும் விடுங்கள். தறியில் ஏற்றும் பாவு நூல் உருளையைத் தூக்குவதை ஆளிடம் கொடுங்கள். நடையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

சிறுநீர் முட்டியும் வராமல் போனாலோ, தெரியாமலே கசிந்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, இரண்டு காலும் தளர்ந்தாலோ, காலையில் பார்க்கலாம் என்று படுக்காதீர்கள். அது நரம்புக் கற்றையே நசுங்குவது. மணிக்கணக்கில் தாமதித்தாலும் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமல் போகலாம். அந்த ராத்திரியே எம்.ஆர்.ஐ.யும் முதுகெலும்பு சர்ஜனும் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு, திருப்பூரோ கோவையோ, வண்டி எடுங்கள்.