அம்மாவின் வாசனை போய்விட்டது

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 43 வயது. திண்டுக்கல் பக்கம். அம்மா இறந்து 14 மாதங்கள் ஆகின்றன. அவர் கையால் தைத்த போர்வை ஒன்றை அன்று முதல் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன்.

சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலைகள் நைந்துபோகும்போது, நல்ல பாகத்தை மட்டும் வெட்டிச் சேர்த்து வைப்பார் அம்மா. உள்ளே அப்பாவின் பழைய வேட்டி இரண்டு மடிப்பு. அதன்மேல் சேலைத் துண்டுகளைப் பரப்பி, மத்தியான வேளைகளில் திண்ணையில் உட்கார்ந்து ஓட்டுத் தையல் போடுவார். 19 வருடங்களுக்கு முன் என் முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தபோதுதான் முடித்தார். கடைசி மூலையில் ஊதாச் சுங்குடி. அதில் மட்டும் தையல் கோணலாக ஓடும். பிறந்த குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே தைத்தது. சாகும்வரை அதைத்தான் போர்த்தியிருந்தார். தேங்காய் எண்ணெயும் திருநீறும் கலந்த மணம் அதில் தங்கியிருந்தது. இரவில் எல்லோரும் தூங்கியபின் எடுத்து முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

போகிக்கு முதல் நாள் நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், என் அத்தை (கணவரின் தாயார், 71 வயது) பீரோவை ஒழுங்குபடுத்தும்போது அதை எடுத்து வாஷிங் மெஷினில் போட்டுவிட்டார். நான் வந்தபோது மொட்டை மாடிக் கொடியில் தொங்கியது. ஊதாத் துண்டின் ஓரம் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்திருந்தது. முகர்ந்தேன். சோப்பு வாசனை மட்டும்தான். சொல்லக் கூடாத வார்த்தைகளை அத்தையைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். மூன்று வாரமாகப் பேச்சில்லை. "ஒரு பழந்துணிக்காக இத்தனை ரகளையா? உனக்கு மனநோய்" என்கிறார் கணவர். அவர் சொல்வது உண்மையா?

— ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

இல்லை. உங்கள் கடிதத்தில் நான் பார்ப்பது துக்கம். அதுவும் இரண்டாவது முறை வந்த துக்கம். அம்மாவை ஒருமுறை இழந்தீர்கள். கொடியருகே நின்றபோது மறுபடியும் இழந்தீர்கள்.

டொனால்ட் வின்னிகாட் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் 1953-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், குழந்தைகள் விடாமல் பிடித்துக்கொள்ளும் போர்வையையும் பொம்மையையும் பற்றி எழுதினார். அது அழுக்காகி நாற்றமடித்தாலும் தாய் துவைக்காமல் விட்டுவைக்கிறாள். துவைத்தால் குழந்தையின் அனுபவத்தில் ஒரு தொடர்ச்சி அறுந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும் என்றார். 43 வயதில் உங்களுக்கு அறுந்ததும் அதுதான். மற்ற புலன்களின் செய்திகள் மூளையில் ஓர் இடைநிலையத்தைக் கடந்து போகின்றன; மணமோ உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு ஏறக்குறைய நேராகப் போய்ச் சேருகிறது. புகைப்படம் தராததை அந்தப் போர்வை உங்களுக்குத் தந்தது அதனால்தான். இதைக் கணவரிடம் சொல்லுங்கள். அவர் கேலி செய்யவில்லை, பயந்துபோயிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 18 வருடம் புழங்கிய போர்வையை உங்கள் அம்மா எத்தனை முறை துவைத்திருப்பார்! நீங்கள் முகர்ந்தது அவருடைய கடைசி மாதங்களின் மணம். நோயும் படுக்கையுமாக இருந்த அம்மாவின் மணம். யாரும் தொடாமல் இருந்திருந்தாலும் அது மெல்ல மெல்லக் குறைந்துதான் போயிருக்கும். பேத்தியை மடியில் கிடத்திக்கொண்டு ஊசி பிடித்த அம்மா வேறு இடத்தில் இருக்கிறார்: அந்தக் கோணல் தையலில். அது சோப்பில் கரையவில்லை.

இறந்தவரை மறந்து மீண்டு வருவதே ஆரோக்கியம் என்று ஒரு காலத்தில் எங்கள் துறையிலேயே பலர் நம்பினார்கள். அவரோடு உள்ள பிணைப்பு வேறு வடிவில் தொடர்வதும் இயல்பே என்று 1990-களிலிருந்து ஆய்வாளர்கள் அழுத்தமாகச் சொல்லி வருகிறார்கள். ஆகவே போர்வையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் நேர்மையாகப் பதில் சொல்லிப் பாருங்கள். இரவில் அதில் முகம் புதைத்தபின் தூக்கம் வந்ததா, விடியும்வரை அழுகை வந்ததா? ஓராண்டு கடந்தும் நாள்தோறும் தாங்க முடியாத ஏக்கமும், எதிலும் மனம் ஒட்டாத நிலையும் இருந்தால், அருகிலுள்ள மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். அதற்குத் தனியாக சிகிச்சை உண்டு, பலனும் தெரிகிறது.

இனி அத்தை. பழைய துணியைத் தெருவில் போட்டுக் கொளுத்தும் நாளுக்கு முதல் நாள் அந்தப் போர்வை அவர் கைக்கு வந்தது. அவர் அதைத் துவைத்துக் காயப்போட்டார். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் அது. உங்களைக் கேட்காமல் எடுத்தது தவறுதான். அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இரவில் அந்தப் போர்வையை எடுத்து நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கு எழுதியதை அவரிடமும் சொல்லுங்கள். சொன்ன வார்த்தைக்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள்.

போர்வையைப் பிளாஸ்டிக் பையில் வைக்காதீர்கள், ஈரம் தங்கும். பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் துணி அந்தக் கோட்டிலேயே இற்றுப்போகும். எந்தத் துண்டு எந்தச் சேலை என்பதை மகளிடம் சொல்லி எழுதிவைக்கச் சொல்லுங்கள். பிரிந்த இடத்தைத் தையல் கடையில் கொடுக்க வேண்டாம். பருத்தி நூலால் கையாலேயே தைத்துவிடலாம். பழைய தையல் துளைகள் இன்னும் தெரியும், அவற்றின் வழியாகவே ஊசியை விடுங்கள்.