பட்டம் சென்னையில், முதல் வேலை கொழும்பில்

கேள்வி: சென்னையில் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டுத் திரும்பியுள்ளேன். விண்ணப்பிக்கும் தனியார் வைத்தியசாலைகள் எல்லாம் முன்னனுபவம் கேட்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அனுபவத்துக்கு முன்னர் பதிவைக் கவனியுங்கள். 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கைத் தாதியர் பேரவையிடம், வெளிநாட்டுப் பட்டத்துடன் பதிவு பெறுவதற்கான நடைமுறையை நேரில் கேட்டறிந்து, அதன் பின்னர் விண்ணப்பங்களை அனுப்புவதே முறை. பாடவாரியான மதிப்பெண் பட்டியல், பாடத்திட்டம், ஒவ்வொரு பிரிவிலும் பெற்ற மருத்துவமனைப் பயிற்சி நேரங்களின் சான்று, தமிழ்நாட்டுத் தாதியர் கவுன்சிலின் பதிவுச் சான்றிதழ் ஆகியவற்றைக் கல்லூரியோடு தொடர்பு இருக்கும்போதே திரட்டிக்கொள்ளுங்கள். பயிற்சி நேரச் சான்றை, தொடர்பு விட்டுப்போன பிற்பாடு இங்கிருந்துகொண்டு பெறுவது பெரும் அலைச்சல். பட்டத்தை அங்கீகரிக்கும் கடிதத்துக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவை நாடலாம். அரச நியமனங்களுக்கு வர்த்தமானியைப் பார்த்து வாருங்கள், ஆனால் அதை மட்டுமே நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் குறிப்பிடாத ஒன்றையும் கேட்கிறேன்: சிங்களம் பேசுவீர்களா? கொழும்பு வார்டுகளில் நோயாளியின் வலியை விசாரிப்பதும், பணிமுறை மாறும்போது அடுத்த தாதியிடம் பொறுப்பை ஒப்படைப்பதும் பெரும்பாலும் அம்மொழியில்தான் நடைபெறுகின்றன. எனவே நேர்முகத் தேர்வில் அது அனுபவக் குறையை ஓரளவு ஈடுசெய்யும். பதிவு கிடைத்ததும், சிறப்புப் பிரிவுகளை வற்புறுத்தாமல், இரவுப் பணியுடன் கூடிய பொது வார்டு இடங்களுக்கே முதலில் விண்ணப்பியுங்கள்.