டெக்சாஸ் கிங் ரேஞ்ச் மாட்டுப் பண்ணையில் பார்க்க என்ன இருக்கிறது? ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துப் போகலாமா?

தாராளமாக அழைத்துப் போங்கள். ஆனால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மட்டும் வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒருவர், "ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து புல்லையும் முள்ளையும் பார்ப்பதற்கு நாலு மணி நேரம் கார் ஓட்ட வேண்டுமா?" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அந்தப் புல்லையும் முள்ளையும் பார்த்துத்தான் என் அப்பா அமெரிக்காவுக்கு வந்த மூன்று மாதத்தில் முதல்முறையாக வாய் விட்டுப் பேசினார்.

உங்கள் பெற்றோரும் ஆறு மாத விசாவில் வந்து, நீங்கள் வேலைக்குப் போன பிறகு ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அப்படித்தான். நாங்கள் இருப்பது ஹூஸ்டன் பக்கம். அப்பா காங்கேயத்துக்காரர். எழுபத்தொரு வயது வரை கொறங்காட்டில் மாடு மேய்த்தவர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கொறங்காடு என்றால் சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொளுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். மாட்டை அவிழ்த்து விட்டால் அதுபாட்டுக்கு மேயும். அப்படி வாழ்ந்தவரை ஷாப்பிங் மாலுக்கும் கோயிலுக்கும் மாற்றி மாற்றி அழைத்துப் போனால் எத்தனை நாள் பொறுப்பார்?

என் கணவருக்கு கிங் ரேஞ்ச் என்றால் ஃபோர்டு பிக்கப் வண்டியின் பெயர்தான் தெரியும். அந்த வண்டியில் நெளிநெளியாக ஒரு 'டபிள்யூ' எழுத்து இருக்குமே, அது இந்தப் பண்ணை மாடுகளுக்குப் போடும் சூட்டுக்குறி. 1869-இல் பதிவு செய்தது. பாம்பின் நெளிவு என்கிறார்கள், ஓடையின் வளைவு என்கிறார்கள், ஆளுக்கொரு கதை உண்டு.

பண்ணையின் அளவைக் கேட்டதும் அப்பா நம்பவில்லை. 8,25,000 ஏக்கர். கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எல்லாம் ஒரே துண்டு அல்ல, நான்கு பிரிவுகளாக இருக்கிறது. தலைமையிடம் கிங்ஸ்வில் ஊரை ஒட்டிய சாந்தா கெர்ட்ரூடிஸ் பிரிவு. சுற்றிப் பார்க்கும் பஸ் அங்கிருந்துதான் புறப்படும்.

நாங்கள் டிக்கெட் வாங்கிவிட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். அப்பாவைக் காணோம். பார்த்தால் வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருக்கிறார். கையில் ஒரு புல் கதிர். ஊதா நிறத்தில், பூனை வால் மாதிரி மயிர் மயிராக இருந்தது. அதை உள்ளங்கையில் கசக்கி ஊதிவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மிணி, இது நம்ம கொளுக்கட்டைப் புல்லு. இங்க எப்படி வந்துச்சு?"

அவர் சொன்னது சரிதான். அங்கே அதற்கு பஃபல் புல் என்று பெயர். 1940-களில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த விதை தெற்கு டெக்சாஸ் மேய்ச்சல் நிலங்களில் பரவியது. மழை இல்லாவிட்டாலும் வேர் சாகாது என்பதால் மாடு வளர்ப்பவர்கள் விரும்பி விதைத்தார்கள். இப்போது நாட்டுப் புல்லை அமுக்கிவிடுகிறது என்று காட்டுயிர் ஆய்வாளர்கள் வருத்தப்படுகிறார்கள். அந்த முள் மரம் மெஸ்கீட். நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தின் உடன்பிறப்பு. மாடு காயைத் தின்று சாணத்தோடு விதையைப் போட்டு, நம் ஊரைப் போலவே அங்கேயும் புல்வெளியெல்லாம் முள்காடாகிவிட்டது. பெரிய புல்டோசர்களை வைத்து வேரோடு பிடுங்கிப் பார்த்தும் தீரவில்லை. இதைச் சொன்னதும் அப்பா, "இங்கயுமா!" என்று தலையில் கை வைத்தார்.

இனி வரலாறு. நான் வரலாற்று ஆசிரியை அல்ல, பண்ணையில் கேட்டதையும் பிறகு படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ரிச்சர்ட் கிங் நியூயார்க்கில் 1824-இல் பிறந்த ஐரிஷ் ஏழை வீட்டுப் பையன். நகைக்கடையில் தொழில் பழக விட்டிருந்தார்கள். அங்கிருந்து ஓடி, கப்பலில் ஒளிந்து தெற்கே வந்துவிட்டான். ரியோ கிராண்டே ஆற்றில் நீராவிப் படகுக் கேப்டன் ஆனான். 1853-இல் ஓடைக்கரையில் 15,500 ஏக்கர் வாங்கினான். பண்ணையின் தொடக்கம் அதுதான்.

அடுத்த ஆண்டு மெக்சிகோவில் கடும் வறட்சி. க்ரூயாஸ் என்ற சிற்றூருக்குப் போய் அங்கிருந்த மாடுகளை கிங் விலை பேசி வாங்கினார். மாட்டை விற்றுவிட்டு அந்த மக்கள் என்ன செய்வார்கள்? பாதி வழி திரும்பிய கிங் மறுபடி ஊருக்குள் போய், "என்னோடு வந்துவிடுங்கள், வீடும் வேலையும் தருகிறேன்" என்று அழைத்ததாகச் சொல்கிறார்கள். ஊரே சட்டி பானையோடு கிளம்பிவிட்டது. அவர்களுக்கு 'கினேன்யோ' என்று பெயர் வந்தது, கிங்கின் ஆட்கள் என்று பொருள். அவர்களுடைய வாரிசுகள் இன்றும் அங்கே வேலை செய்கிறார்கள். எங்கள் வழிகாட்டியும் அப்படி ஒரு குடும்பத்தைச் சேர்ந்த பெரியவர்தான்.

இதை நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "காடு யார் பேர்ல இருக்குது?" நல்ல கேள்வி. வீடு கொடுத்தார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், முதுமையில் கைவிடவில்லை. எல்லாம் உண்மை. ஆனால் நிலம் அவர்கள் பேரில் இல்லை. குதிரையை அடக்குவது, கயிறு வீசுவது, கன்றுக்குச் சூடு போடுவது என்று அமெரிக்க மாட்டுக்காரன் பேரில் ஓடும் வித்தை எல்லாமே இந்த மெக்சிகோக்காரர்கள் கையோடு கொண்டு வந்தது. அங்கே போனால் கிங் குடும்பத்தின் வெள்ளை மாளிகையைவிட, தொழிலாளர் குடியிருப்பு வழியாக பஸ் போகும்போது கவனமாகப் பாருங்கள் என்றே சொல்வேன்.

கிங்கைப் புகழ்ந்து எழுதுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவர் நிலம் சேர்த்த விதம் பற்றி டெக்சாஸில் இன்றும் மனக்கசப்பு இருக்கிறது. ஒரு பழைய பங்குதாரரின் வாரிசுகள் போட்ட வழக்கு 2003-இல்தான் டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்தில் பண்ணைக்குச் சாதகமாக முடிந்தது. கிங் 1885-இல் இறந்தபோது நிலத்தோடு 5 லட்சம் டாலர் கடனையும் விட்டுப் போனார். அந்தக் கடனை அடைத்துப் பண்ணையைக் காப்பாற்றியது அவர் மனைவி ஹென்ரியட்டா. மருமகன் ராபர்ட் கிளேபர்க் துணை நின்றார். 1925-இல் இறக்கும் வரை உரிமை அந்த அம்மாள் கையில்தான். 1904-இல் ரயில் வந்து கிங்ஸ்வில் ஊர் உருவானது அவர் காலத்தில். எல்லோரும் கேப்டன் கிங், கேப்டன் கிங் என்கிறார்களே தவிர இந்த அம்மாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

தண்ணீர்க் கதையும் உண்டு. 1890-களில் மழை பொய்த்து மாடுகள் செத்து விழுந்தபோது, கிளேபர்க் ஆழத்துளை போட்டுப் பார்த்தார். 1899-இல் தண்ணீர் மோட்டார் இல்லாமலே தானாகப் பொங்கி வந்தது. ஆயிரம் அடி போர் போட்டும் புகை மட்டும் வந்த ஊர்க்காரரான என் அப்பா அதைக் கேட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

சரி, மாட்டுக்கு வருகிறேன். பஸ் ஒரு கம்பி வேலிக்குப் பக்கத்தில் நின்றது. செக்கச் சிவந்த, முதுகு பளபளக்கும் மாடுகள் ஏழெட்டு ஜன்னல் அருகே வந்தன. ஒரு பசு மூச்சு விட்டது கண்ணாடியில் ஆவியாகப் படிந்தது. வழிகாட்டி வாய் திறப்பதற்கு முன்பே அப்பா என் தோளைத் தட்டினார். "செவலைதான், ஆனா அலைதாடியைப் பாரு. கழுத்துல இருந்து மடிப்பு மடிப்பா தொங்குது. இது வெள்ளைக்காரன் மாடு இல்ல அம்மிணி. இதுல நம்ம தேசத்து ரத்தம் இருக்குது."

வழிகாட்டி அடுத்து சொன்னது அதேதான். சாந்தா கெர்ட்ரூடிஸ் இனம், ஐந்து பங்கு பிரிட்டிஷ் ஷார்ட்ஹார்ன், மூன்று பங்கு பிராமன். சீமை மாடு டெக்சாஸ் வெயிலிலும் உண்ணியிலும் வாடியதால் இந்தக் கலப்பைச் செய்தார்கள். 1920-இல் பிறந்த 'மங்கி' என்ற காளைதான் இனத்துக்கே மூதாதை. 1940-இல் தனி இனமாக அரசு ஏற்றது. அந்த பிராமன் மாடு இந்தியாவிலிருந்து போன ஓங்கோல், கீர், காங்கிரேஜ், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடுகளிலிருந்து உருவாக்கியது. காங்கேயம் அதில் இல்லை. வாட்ஸப்பில் வருவதை நம்பி யாரும் இங்கே வந்து வாதாட வேண்டாம்.

அப்பா தயங்கித் தயங்கி ஒன்று கேட்கச் சொன்னார்: "வயசான மாட்டை என்ன பண்ணுவீங்க?" கறிக்குத்தான் போகும் என்று வழிகாட்டி மறைக்காமல் சொன்னார். இது இறைச்சி மாட்டுப் பண்ணை, உங்கள் பெற்றோருக்கு அது சங்கடம் என்றால் முன்பே சொல்லி அழைத்துப் போங்கள். அப்பா கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணபுரம் சந்தையில விக்கிற மாடெல்லாம் உழவுக்கா போகுது? லாரி கேரளாவுக்குத்தானே போகுது" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

பிள்ளைகள் இருந்தால் ஊருக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தையும் விடாதீர்கள். பழைய ஐஸ் ஃபேக்டரிக் கட்டடம் அது. சேணங்கள், 1940-களின் புகைப்படங்கள், வேட்டைக்காகவே செய்த 1949-ஆம் வருட ப்யூக் கார் எல்லாம் உண்டு. அசால்ட் என்ற குதிரையின் கதையைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். குட்டியாக இருந்தபோதே குளம்பில் அடிபட்டுக் கால் கோணிப்போனது. அதே குதிரை 1946-இல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் ஜெயித்தது. பண்ணையில் நீல்காய் மானும் உண்டு. நம் வட இந்தியக் காட்டு விலங்கு, வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்டது ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டது. எங்களுக்குத் தூரத்தில் முள்மரங்களுக்கு நடுவே ஒன்று தெரிந்தது. பெரிய மாளிகையை வெளியிலிருந்துதான் பார்க்கலாம், உள்ளே விட மாட்டார்கள். பழைய மர வீடு 1912-இல் எரிந்த பிறகு கட்டியது.

இப்போது ஜூலை விஷயம். நாங்கள் போனது ஜூலை நடுவில். காங்கேயத்து வெயிலில் நின்றவர்தானே என்று நானும் அலட்சியமாக இருந்துவிட்டேன். அது என் தவறு. அங்கே கடல் பக்கத்துப் புழுக்கமும் சேர்ந்துகொள்கிறது. பஸ்ஸில் ஏசி இருந்தது, ஆனால் அவர் காத்திருந்த நேரமெல்லாம் வெயிலில் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாலை விடுதியில் தலை சுற்றி விழுந்துவிட்டார். அவசர சிகிச்சைக்குக் கொண்டு போய் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். உடம்பில் நீர் குறைந்ததுதான், வேறொன்றும் இல்லை. கடவுள் புண்ணியம்.

ஆனால் நாங்கள் கட்டியிருந்த பயணக் காப்பீடு? ஒரு பைசா வரவில்லை. அவருக்குச் சர்க்கரை இருக்கிறதாம், அதனால் இது ஏற்கெனவே இருந்த நோயாம். வெயிலில் மயங்கி விழுவதற்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று மருத்துவரே கடிதம் எழுதிக் கொடுத்தார். ஏழு மாதம் அலைந்தேன். ஒவ்வொரு முறையும் புது ஆள் போனை எடுப்பார், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். நாற்பது பக்கப் பத்திரத்தில் முப்பத்தோராம் பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டினார்கள். பெற்றோரை அழைத்து வரும் நம் எல்லோரிடமும் பயத்தைக் காட்டிப் பணம் வாங்குகிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று சொல்வீர்கள், பரவாயில்லை. நீங்கள் பெற்றோருக்குக் காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள நோய் திடீரென்று முற்றினால் பணம் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆகவே நவம்பர் முதல் மார்ச்சுக்குள் போங்கள். பறவை பார்க்கிறவர்களுக்கும் அதுதான் சரியான காலம், பச்சை நிற ஜே பறவையை நம் பிள்ளைகள் கிளி என்பார்கள். நவம்பரில் நன்றி நாளுக்கு முந்தைய சனிக்கிழமை பண்ணையிலேயே காலைச் சாப்பாடு போடும் வழக்கமும் உண்டு. பஸ் நேரத்தை முன்கூட்டியே போனில் கேட்டுவிடுங்கள். தொப்பி, தண்ணீர், உப்புப் போட்ட மோர் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவை ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வழிகாட்டி சொல்வதை ஒன்று விடாமல் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.

என் அப்பா மருத்துவமனைக் கட்டிலில், கையில் ஊசி குத்தியபடியே ஊருக்குப் போன் போட்டார். அம்மாவுக்குத்தான் பேசுகிறார் என்று நினைத்தேன். பக்கத்துக் காட்டுக்காரரைக் கூப்பிட்டு, "ஏனுங் மாப்ளே, இங்கயும் கொளுக்கட்டைப் புல்லுதானுங்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.