பேரேட்டில் அசையாத எண்

அன்புள்ள ஐயா,
பர்மாவில் மோல்மேனில் இருந்துகொண்டு தொலைநிலைக் கல்வியில் பொருளாதாரம் படிக்கிறேன். சம்பளம் கீழே இறங்காது, வேலையின்மைக்கு அதுவும் ஒரு காரணம் என்று பேரியல் பொருளாதார மாதிரிகள் சொல்கின்றன. நம் ஊரிலோ சம்பளத்தின் மதிப்பு வருடா வருடம் சரிகிறது. ‘சம்பள இறுக்கம்’ பர்மாவுக்குப் பொருந்தாது என்று ஆய்வேட்டில் எழுதலாமா? விலை எப்போது மாறும் என்பதைக் காட்டும் கால்வோ முறையை எடுப்பதா, ஆளும் வேலையும் ஒன்றையொன்று தேடிச் சேர்வதைக் காட்டும் வேலை தேடல் மாதிரியையா?
— ஒரு மாணவி

அன்புள்ள மகளே,

எழுதாதே. எழுதியிருந்தால் இன்றே அடித்துவிடு. இதைப் பற்றி நானும் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் இந்தக் கோபம்.

2018 மே மாதம் ஒரு நாள் குறைந்தபட்சக் கூலி 4,800 கியாட் ஆனது. அன்றைக்கு அது சுமார் மூன்றரை டாலர். 2023 அக்டோபரில் அடிப்படைக் கூலியைத் தொடாமல் 1,000 கியாட் படி சேர்த்தார்கள். அந்த 5,800ஐ வெளிச்சந்தையில் மாற்றினால் 2 டாலர்கூடத் தேறாது. யாரும் கூலியை வெட்டவில்லை. ஐந்து வருடத்துக்கு மேல் அந்த எண் கிடந்த இடத்திலேயே கிடந்தது, அதுதான் இறுக்கம். விலையோடு கூலியும் ஏறியிருந்தால் விலைவாசி எதைத் தின்றிருக்கும்? இறங்காததை மட்டும் இறுக்கம் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாய். பொருளாதார அறிஞர் கால்வோ 1983இல் சொன்ன வழியில் ஏறாததும் இறங்காததும் இரண்டும் உண்டு. சீட்டுக் குலுக்கல் மாதிரிதான்: பெயர் விழுந்தவர் விலையை மாற்றலாம், மற்றவர் பழைய விலையோடு காத்திருக்க வேண்டும். சம்பளத்துக்கு அதைக் கொண்டுவந்தது பிறகு.

தேடல் மாதிரிக்காக மூன்று பேர் 2010இல் நோபல் வாங்கினார்கள். நம் பக்கம் வேலை தேடித் தருவது மாமன் மச்சான். அதை உன் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்.

ட்ரூமன் பியூலி என்பவர் 1990களில் அமெரிக்க நிறுவனங்களுக்கு நேரில் போய், மந்தத்திலும் ஏன் சம்பளத்தைக் குறைக்கவில்லை என்று விசாரித்தார். குறைத்தால் ஆட்கள் மனம் விட்டுப்போய் வேலை கெடும் என்பதே முக்கியமான பதில். படித்ததும் எனக்கு அப்பாவின் முதலாளி ஞாபகம் வந்தார்.

அப்பா ரங்கூனில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதினார். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின, ஈடும் கிடையாது. அதற்கப்புறம் கடை எழுந்திருக்கவே இல்லை. முதலாளி நல்ல மனிதர். “உன் சோத்துல கை வைக்க மாட்டேன் தம்பி” என்பார். சம்பளத்தில் ஒரு கியாட்கூடக் குறைக்கவில்லை. கை வைத்தது சோற்றில்தான். முதலில் கடையில் போடும் மதியச் சாப்பாடு நின்றது. பிறகு மாதா மாதம் வரும் அரிசி மூட்டை பாதியானது. அம்மா பால் டின்னால் அரிசி அளப்பாள், எட்டு டின் ஒரு பியி, அது பர்மிய அளவு. கோபுரமாக அளந்து பழகிய கை, விளிம்புக்கு ஒரு விரல் கீழேயே நின்றுகொள்ளக் கற்றது. அப்பாவோ பேரேட்டில் தன் பெயருக்கு நேரே அதே பழைய எண்ணை மாதம் தவறாமல் தன் கையாலேயே எழுதிவந்தார்.

உன் மாதிரியில் அந்த அரிசிக்கு இடம் இருக்கிறதா? சம்பளம் என்று ஒரே ஒரு எழுத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதே. சாப்பாடு போடுகிறார்களா, ஆட்களை வேலைக்கு ஏற்றிப்போகும் ஃபெர்ரி வண்டி இன்னும் வருகிறதா, தீபாவளிக்கு லுங்கி கொடுத்தார்களா, எல்லாவற்றையும் கேள். உன் தெருவிலேயே ஒரு தொழிலாளியின் ஐந்து வருடச் சம்பளத்தையும் அவர் வீட்டு அரிசிக் கணக்கையும் எழுதி அனுப்பு. கால்வோவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.