உகாண்டாவில் தன்பாலீர்ப்பாளர்களுக்கு நடப்பதற்குச் சென்னையில் இருக்கும் நாம் ஏன் குரல் கொடுக்க வேண்டும்?

பெயர் மறைத்து எழுதுகிறேன். பெயரைக்கூடச் சொல்லத் துணிவில்லாதவன் உரிமை பேச வந்துவிட்டான் என்று கீழே ஒருவர் எழுதுவார். எழுதட்டும். வயதான அம்மா இருக்கிறார், வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் குழு இருக்கிறது. வேறு காரணம் இல்லை.

"நம் ஊரிலேயே ஆயிரம் பிரச்சினை இருக்கும்போது" என்று கேள்விக்குக் கீழே சேர்த்திருக்கிறீர்கள். கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், அலுவலகத்தில் யாரோ ஒரு மனுவை நீட்டியிருக்கிறார்கள், நீங்கள் கையெழுத்துப் போடவில்லை, அது உறுத்திக்கொண்டிருக்கிறது என்று தோன்றுகிறது. அப்படி இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

எனக்கு உகாண்டா வெறும் செய்தி இல்லை. என்னை அனுப்பப் பார்த்த ஊர்.

ஓ.எம்.ஆரில், வங்கிகளுக்கு மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். இந்தத் தொழிலில் இருக்கும் சென்னைக்காரர்களுக்குத் தெரியும், ஆப்பிரிக்க வங்கிகளை நம்பித்தான் எங்களில் பலருக்குச் சம்பளம் ஓடுகிறது. நைரோபி, லாகோஸ், லுசாகா, கம்பாலா என்று ஆள் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்ட மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை என்னிடமும் இருக்கிறது. நைரோபியில் வேலை பார்த்திருக்கிறேன். கென்யாவிலும் தன்பால் உறவுக்கு 14 ஆண்டு வரை சிறை உண்டு, ஆனால் பழகிய மனிதர்கள் அருமையானவர்கள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆப்பிரிக்கர்களை மட்டம் தட்டுகிறேன் என்று கிளம்பிவிடுவார்கள்.

2023 மே மாதம் உகாண்டா அதிபர் முசெவேனி தன்பாலீர்ப்புக்கு எதிரான சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். தன்பால் உறவுக்கு ஆயுள் தண்டனை, சில வகைகளுக்கு மரண தண்டனை, 'பரப்பினால்' 20 ஆண்டு வரை சிறை. அதே வருடக் கடைசியில் என் மேனேஜர் வந்து, கம்பாலாவில் ஒரு வங்கிக்கு மூன்று மாதம் போகணும் என்றார். முடியாது என்றேன்.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார்."

"பேட்டா பத்தலையா? பேசிப் பாக்கலாம்பா."

அப்புறம் கேன்டீனில் ஓரமாக உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர், முகம் சுளிக்கவில்லை. டீயை முழுசாகக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "சரிப்பா, அது உன் சொந்த விஷயம். ஆனா அங்க போயி நீயா சொன்னாத்தானே தெரியும்?"

சொல்லாமல் இருப்பது எனக்குப் புதிதா என்ன? குரோம்பேட்டையில் நானும் என் துணைவரும் பல வருடங்களாக ஒரே வீட்டில் இருக்கிறோம், ஹவுஸ் ஓனர் அம்மாவுக்கு நாங்கள் அத்தை பையன், மாமா பையன். ஆனால் போனில் இருக்கும் படங்களை என்ன செய்வது? ராத்திரி வீடியோ காலில் என்ன பேசுவது, பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துப் பேசுவதா? ஏதாவது ஆகிவிட்டால் கம்பெனி யாருக்குத் தகவல் சொல்லும்? படிவத்தில் அவர் 'நண்பர்' மட்டும்தான்.

மனிதவளத் துறைக்கு எழுதினேன். ஜூன் மாதம் வந்தால் கம்பெனி லோகோ வானவில்லாகிவிடும், அந்தத் தைரியத்தில்தான். எங்கள் பயணக் குறிப்பில் மலேரியா மாத்திரை உண்டு, குழாய்த் தண்ணீர் குடிக்காதே என்று உண்டு, ராத்திரி எந்த டாக்சியில் ஏறக் கூடாது என்று உண்டு. ஆயுள் தண்டனைச் சட்டம் பற்றி ஒரு வரி இல்லை. வந்த பதில்: "அது அந்த நாட்டின் உள்விவகாரம், நிறுவனம் கருத்துச் சொல்வதில்லை." நீங்கள் கேட்டிருப்பதும் கிட்டத்தட்ட இதுதான், அதனால்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன்.

எங்கள் டெஸ்டிங் பிரிவில் ஒரு திருநங்கை இருக்கிறார். பாஸ்போர்ட்டில் பாலினம் 'டி' என்று இருக்கும். அவருக்கு ஒரு நாட்டு விசாப் படிவத்தில் இரண்டே கட்டம். டிராவல் டெஸ்க்கில் இருந்த பையன் அத்தனை பேர் முன்னாடியும், "மேடம், எம் போடறதா எஃப் போடறதா?" என்று சத்தமாகக் கேட்டிருக்கிறான். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு மெயில் தயார் செய்தோம். மாதக்கணக்கில் இழுத்தார்கள். இப்போது குறிப்பில் அந்தந்த நாட்டுச் சட்டம் இருக்கிறது, காரணம் சொல்லாமலே பயணத்தை மறுக்கலாம் என்றும் இருக்கிறது. மறுத்தால் அப்ரைசலில் அடி விழாது என்பதை மட்டும் சேர்க்க மாட்டேன் என்றுவிட்டார்கள். விழுந்தது. வெளிநாடு போய் உட்கார்ந்துவிட்டு டியூட்டி ஃப்ரீ சாக்லேட்டோடு வருகிறவனுக்குப் பதவி உயர்வு, இங்கே ராத்திரி இரண்டு மணிக்கு அவன் உடைத்ததைச் சரி செய்கிறவனுக்கு 'எதிர்பார்த்த அளவு'. இது தன்பாலீர்ப்பாளர் பிரச்சினை இல்லை, ஓ.எம்.ஆர் முழுக்க இருக்கும் பிரச்சினை. இதற்கு யாரும் மனு எழுதுவதில்லை.

சரி, உள்விவகாரத்துக்கு வருகிறேன். தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை 1860இல் இங்கே எழுதியவன் வெள்ளைக்காரன். சிங்கப்பூர், மலேசியா, பாகிஸ்தான், வங்கதேசம், மியன்மார் என்று அவன் ஆண்ட பல இடங்களில் எண்கூட மாறாமல் அதே 377. உகாண்டாவின் பழைய சட்டத்திலும் 'இயற்கைக்கு மாறான' என்ற அதே வாசகம். 2009 மார்ச்சில் அமெரிக்காவிலிருந்து போதகர்கள் கம்பாலாவுக்குப் போய்க் கருத்தரங்கு நடத்தினார்கள், அக்டோபரில் மரண தண்டனை கேட்கும் மசோதா வந்தது. வெளியார் தலையிடக் கூடாது என்றால் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நமக்கு விடுதலை வந்ததும் உள்ளூர்ச் சரக்கிலிருந்து மட்டும் இல்லை. தன்பால் உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 2018 செப்டம்பர் 6 தீர்ப்பில் தென்னாப்பிரிக்கத் தீர்ப்பு மேற்கோளாக இருக்கிறது, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவைச் சேர்ந்த நிக்கோலஸ் டூனன் இதே மாதிரிச் சட்டத்தை எதிர்த்து ஐ.நா. மனித உரிமைக் குழுவில் 1994இல் ஜெயித்த வழக்கு இருக்கிறது. அடுத்த வருடமே போட்ஸ்வானா உயர் நீதிமன்றம் நம் தீர்ப்பைக் காட்டித் தன் நாட்டுச் சட்டத்தை ரத்து செய்தது. ஆனால் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இதுபற்றிய தீர்மானங்கள் 2014லும் 2016லும் வந்தபோது நம் அரசு யார் பக்கமும் வாக்களிக்கவில்லை. 2015இல், ஐ.நா. ஊழியர்களின் தன்பால் இணையருக்குச் சலுகை கூடாது என்று ரஷ்யா கொண்டுவந்ததை ஆதரித்தே வாக்களித்தது. நம் பெயரில் போட்ட வாக்குதானே அது?

உள்ளூர்ப் பிரச்சினை இருக்கிறது, மறுக்கவில்லை. திருநங்கையர் நல வாரியத்தைத் தமிழ்நாடு 2008லேயே அமைத்தது, ஆறு வருடம் கழித்துத்தான் மூன்றாம் பாலினத்தை ஏற்ற உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு வந்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தான் முதலில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார், பிறகு 'குணப்படுத்தும்' சிகிச்சைக்குத் தடை போட்டார். இவ்வளவு இருந்தும் அந்த டெஸ்டிங் தோழிக்குப் பெருங்குடியில் வீடு கிடைக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். தன்பால் திருமணத்தை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதற்கும் பேசுகிறேன், இதற்கும் பேசுகிறேன். ஒன்றைப் பேசினால் மற்றதற்குத் தொண்டை வற்றிவிடாது.

எப்படிப் பேசுவது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். 2010இல் கம்பாலாப் பத்திரிகை ஒன்று தன்பாலீர்ப்பாளர்கள் என்று சிலரின் படம், முகவரியோடு 'தூக்கில் போடுங்கள்' என்று வெளியிட்டது. அதில் இருந்த டேவிட் காட்டோ வழக்குப் போட்டார், 2011 ஜனவரியில் ஜெயித்தார், அதே மாதம் 26ஆம் தேதி வீட்டிலேயே கொல்லப்பட்டார். அதனால் அங்குள்ள யாருடைய படத்தையும் பெயரையும் இங்கிருந்து பகிராதீர்கள், நல்ல எண்ணத்தோடுகூட. அந்த நாட்டுக்கு உதவியை நிறுத்து என்றும் உடனே கத்த வேண்டாம். 2011இல் பிரிட்டன் அப்படி மிரட்டியபோது, பழி எங்கள் தலையில்தான் விழும் என்று ஆப்பிரிக்கச் செயற்பாட்டாளர்களே எதிர்த்தார்கள். அவர்கள் என்ன கேட்கிறார்களோ அதை மட்டும் கேட்பது போதும்.

உங்கள் மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. படித்துப் பாருங்கள், பிடிக்கவில்லையென்றால் கையெழுத்துப் போட வேண்டாம். ஆனால் உங்கள் கம்பெனியும் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறது என்றால் அந்தப் பயணக் குறிப்பை ஒரு தடவை வாங்கிப் பாருங்கள். இல்லாத வரியைச் சேர்க்கச் சொல்லி மெயில் போடுங்கள். நேரில் சொன்னால் மறந்துவிடுவார்கள். அதை நீங்கள் போட்டால் ஏன் கேட்கிறாய் என்று உங்களை யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள், நான் போட்டால் பார்ப்பார்கள்.

மலேசியா பற்றிக் கேட்கப் போகிறவர்களுக்கு: அங்கே 377 இன்னும் இருக்கிறது, 20 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. சிங்கப்பூர் 2022இல் நீக்கத் தீர்மானித்து, 2023 ஜனவரியில் நீக்கிவிட்டது. இலங்கையில் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது.