மாதத்துக்கு ஒரு ஜிபிகூடச் செலவாகாது, ஆகக் குறைந்த விலையில் எந்த மொபைல் பிளான் எடுக்கலாம்?

நீங்கள் கேட்டிருப்பது எளிமையான கேள்வி. வீட்டில் வைஃபை இருக்கிறது. வெளியே போனால் மெசேஜ், மேப், எப்போதாவது ஒரு மெயில். இதற்கு எது மலிவு? கீழே வந்திருக்கும் முதல் பதிலோ, "இந்தக் காலத்தில் டேட்டாவுக்குப் போய் யாராவது கணக்குப் பார்ப்பார்களா?" என்று ஆரம்பிக்கிறது. அதைப் படித்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். பார்ப்போம் சார், நாங்கள் பார்ப்போம்.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். வீட்டில் யாரோ ஒருவர் பெரிய பிளானாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்திருப்பார். மாதக் கடைசியில் அதில் முக்கால்வாசி தொடாமலே கிடக்கும். கேட்டால், "இருக்கட்டும், அவசரத்துக்கு ஆகும்" என்பார். என் வீட்டில் அந்த யாரோ, என் அக்கா மகன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கமென்ட்டில் பிடித்துக்கொள்வார்கள். வழியெல்லாம் வீடியோ பார்ப்பவருக்கும், வீட்டில் வைஃபை இல்லாதவருக்கும் இந்தப் பதில் இல்லை. நொடிக்கு 1 மெகாபிட் என்ற சுமாரான தரத்தில் வீடியோ ஓடினாலே மணிக்கு 450 எம்பி போய்விடும். அவர்கள் பெரிய பிளானே போடட்டும், நான் குறை சொல்லவில்லை. கஞ்சத்தனம் என்று சொல்ல வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை: குடிக்காத தண்ணீருக்குக் காசு கொடுக்க மாட்டேன் என்பது கஞ்சத்தனம் இல்லை.

சரி, என் கதை. சின்ன பிளானுக்கு மாறிய முதல் தடவை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு ஜிபி போஸ்ட்பெய்டு பிளான், பார்க்க அவ்வளவு மலிவு. இரண்டு மாதம் ஜம்மென்று ஓடியது. மூன்றாவது மாதம் ஒரு சாயங்காலம் வீட்டு நெட் படுத்துவிட்டது. இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை அன்றைக்கே மெயிலில் அனுப்பியாக வேண்டும். போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை இணைத்தேன். மெயில் போக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சிக்கனமாக முடித்துவிட்டோம் என்ற திருப்தியில் லேப்டாப்பை அப்படியே திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

லேப்டாப்புக்கு வீட்டு நெட்டும் வைஃபைதான், போன் ஹாட்ஸ்பாட்டும் வைஃபைதான். நான் பல நாளாகத் தள்ளிப்போட்டிருந்த சிஸ்டம் அப்டேட்டை அது இறக்க ஆரம்பித்தது. போதாதென்று போட்டோ ஃபோல்டரைக் கிளவுடுக்கு ஏற்றவும் கிளம்பியது. கை கழுவிவிட்டு வந்து எடுத்தால் போன் இஸ்திரிப் பெட்டி மாதிரிச் சுட்டது. திரையில் இரண்டு எஸ்எம்எஸ். பாதி டேட்டா தீர்ந்துவிட்டது என்று ஒன்று, முழுவதும் தீர்ந்துவிட்டது என்று இன்னொன்று. இரண்டுமே 8.42-க்கு வந்திருந்தன.

தீர்ந்த பிறகும் நெட் நிற்கவில்லை என்பதுதான் விஷயம். ஒவ்வொரு எம்பிக்கும் தனிக் கட்டணம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாத பில், ஆறு மாத பில்லுக்குச் சமம். கஸ்டமர் கேரில் ஒரே இசையை அரை மணி நேரம் கேட்ட பிறகு ஒரு பெண் பேசினார். "சார், உங்க நம்பர்லதான் யூஸ் ஆகியிருக்கு" என்றார். பொய் என்றால் சண்டை போட்டிருக்கலாம், அவர் சொன்னது உண்மை. அக்கா மகனோ, "மாமா, இதுக்குத்தான் அன்லிமிடெட் போடுங்கன்னேன்" என்று இன்றுவரை சொல்லிக் காட்டுகிறான்.

ஆகவே எத்தனை ஜிபி என்று கேட்பதற்கு முன்னால், தீர்ந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். சில பிளானில் நெட் நின்றுவிடும். சிலவற்றில் வேகம் குறையும். சிலவற்றில் என்னைப் போல மீட்டர் ஓடும். மூன்றாவது வகையை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், தொடாதீர்கள். நின்றுவிடுகிற ப்ரீபெய்டுதான் நம் மாதிரி ஆட்களுக்கு நிம்மதி. வேகம் குறைகிற வகையும் மோசமில்லை, ஆனால் எவ்வளவுக்குக் குறைகிறது என்று பாருங்கள். 64 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு 8 கிலோபைட். இரண்டு எம்பி போட்டோ ஒன்று இறங்க நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும். வெறும் எழுத்து மெசேஜ் மட்டும் எப்படியோ போய்ச் சேரும். "அன்லிமிடெட்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் பலவற்றிலும் அடியில் பொடி எழுத்தில் இந்த வேகக் குறைப்புதான் இருக்கிறது. அக்கா மகனிடம் இதைக் காட்டினேன். அவன் கண்ணுக்கு அந்த எழுத்து தெரியவில்லையாம்.

அந்த பில்லுக்குப் பிறகு 30 நாள் கணக்கு எழுதினேன், நோட்டில், பேனாவால். சிரிக்காதீர்கள். ஆண்ட்ராய்டு போனில் டேட்டா உபயோகப் பக்கத்தில் எந்த ஆப் எவ்வளவு தின்றது என்று வரும்; மாதம் தொடங்கும் தேதியையும், இத்தனை எம்பி ஆனால் நெட்டை நிறுத்து என்ற வரம்பையும் பெரும்பாலும் அங்கேயே வைக்கலாம். ஐபோனிலும் கணக்கு வரும், ஆனால் மாதம் பிறந்ததும் அது தானாகப் பூஜ்யத்துக்குத் திரும்பாது, நாமேதான் ரீசெட் செய்ய வேண்டும். இது தெரியாமல் இரண்டு வருடக் கணக்கைப் பார்த்து, மாதம் இவ்வளவா என்று அதிர்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

என் மொத்தம் 612 எம்பி. அதில் நானாக விரும்பிச் செலவழித்தது பாதிகூட இல்லை. 170 எம்பி ஆப்கள் தங்களைத் தாங்களே புதுப்பித்துக்கொண்டதில் போயிருந்தது. 200-க்கு மேல் வாட்ஸ்அப். அதிலும் பெரும்பகுதி, குடும்ப குரூப்பில் பூவும் சூரியனுமாக வரும் காலை வணக்கப் படங்கள். நான் திறந்துகூடப் பார்ப்பதில்லை, ஆனாலும் போட்டோக்கள் மொபைல் டேட்டாவில் தானாக இறங்கும்படிதான் அதன் ஆரம்ப ஏற்பாடு இருக்கிறது. அதை நிறுத்தினேன், ஆப் அப்டேட்டை வைஃபையில் மட்டும் என்று மாற்றினேன், போக வேண்டிய இடத்தின் மேப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளப் பழகினேன். லேப்டாப்பில் போன் ஹாட்ஸ்பாட்டை மீட்டர்டு கனெக்‌ஷன் என்று, அதாவது அளந்து செலவழிக்க வேண்டிய நெட் என்று, குறித்து வைத்தேன் (பட்ட பிறகு வந்த புத்தி). அடுத்த மாதம் 290 எம்பி. பிளானை மாற்றுவதற்கு முன் இதைச் செய்திருந்தால் அந்த பில்லே வந்திருக்காது.

தினம் இவ்வளவு ஜிபி என்று பிரித்துக் கொடுக்கும் பிளான் நமக்குத் தண்டம். இன்றைக்கு மிச்சமானது நள்ளிரவோடு போச்சு, நாளைக்கு ஒட்டாது. மொத்தமாக ஒரு அளவு கொடுத்து, நீண்ட வேலிடிட்டி தருவதாகப் பாருங்கள். 28 நாள் பிளானை மாத பிளான் என்று நினைத்து ஒப்பிடாதீர்கள், வருடத்துக்கு 13 தடவை ரீசார்ஜ் செய்ய வேண்டிவரும். 12 தடவை கட்டும் பிளான் கொஞ்சம் விலை கூடத் தெரிந்தாலும் வருடக் கணக்கில் மலிவாக இருக்கலாம்.

வேலிடிட்டி தீர்ந்து ரொம்ப நாள் கண்டுகொள்ளாமல் விட்டால் நம்பரே கைவிட்டுப் போய்விடும். கம்பெனி அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடும். வங்கி ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வருகிறது என்றால் அப்புறம் படும் பாட்டை என் பெரியப்பாவிடம் கேட்க வேண்டும். மலிவுக்கு ஆசைப்பட்டு நம்பரைத் தொலைக்காதீர்கள்.

இன்னொன்று, மிக மலிவான கம்பெனிகள் பலவற்றுக்குச் சொந்தமாக டவர் கிடையாது. பெரிய கம்பெனியின் டவரை வாடகைக்கு எடுத்து ஓட்டுவார்கள். அதில் தப்பே இல்லை. கூட்டம் அதிகமான நேரத்தில் அவர்களுடைய வாடிக்கையாளருக்குப் பல இடங்களில் கடைசிப் பந்தி, அவ்வளவுதான். எனவே யாருடைய டவர் என்று விசாரித்து, உங்கள் வீட்டுக்குள் அந்த சிக்னல் வருகிறதா என்று பாருங்கள். பழைய போன் வைத்திருந்தால், 4ஜியிலேயே பேசும் வசதி, அதாவது வோல்ட்இ, அதில் உண்டா என்றும் பாருங்கள். 3ஜியை மூடிவிட்ட நாடுகளில், நெட் ஓடியும் பேச முடியாமல் போன போன்கள் எத்தனையோ.

சம்பந்தமில்லாத ஒன்று, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அம்மாவிடம் இருப்பது பட்டன் போன், எஸ்எம்எஸ் மட்டும்தான். அவருக்குத் தமிழில்தான் அனுப்புவேன். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து. அதையே தமிழில் எழுதினால் வழக்கமாக 70-தான். அதுவும் எப்படி எண்ணுகிறார்கள் தெரியுமா? "நன்றி" நம் கணக்கில் நாலு எழுத்துகூட இல்லை. போன் கணக்கில் ஐந்து. ந, ன, புள்ளி, ற, மேலே சுற்றும் கொக்கி என்று புள்ளிக்கும் கொக்கிக்கும் தனித்தனியாக இடம் பிடிக்கும். அம்மாவிடம் மாத்திரை போட்டாயா, கதவைத் தாழ் போட்டாயா என்று கேட்பதற்குள் இரண்டாவது எஸ்எம்எஸ் ஆரம்பித்துவிடும். பிளானில் எத்தனை எஸ்எம்எஸ் என்று பார்க்கும்போது, தமிழில் எழுதுபவர் அதைப் பாதியாக எண்ணிக்கொள்வது நல்லது.

இவ்வளவு எழுதியும் ஒரு பிளான் பெயர்கூடச் சொல்லவில்லையே என்று கோபிக்காதீர்கள். நான் இன்றைக்குச் சொல்லும் பிளான் நீங்கள் படிக்கும்போது இருக்காது. 30 நாள் கணக்கை எடுத்துக்கொண்டு வந்து கமென்ட்டில் போடுங்கள், எந்த ஆப் எவ்வளவு என்று பிரித்துப் போட்டால் இன்னும் நல்லது. பார்த்துச் சொல்கிறேன். இந்த வாரம் மட்டும் கொஞ்சம் தாமதமாகலாம். அக்கா மகன் வந்து தங்கியிருக்கிறான், அவனுடைய அன்லிமிடெட் சாயங்காலமே படுத்துவிடுகிறது, வீட்டு வைஃபை முழுக்க அவன் கையில்தான்.