ரிவர்ஸ் பிராக்ஸி: புதியவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ரிவர்ஸ் பிராக்ஸி என்பது வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை முதலில் வாங்கி, உள்ளே ஓடும் சேவைக்கு அனுப்பும் இடைநிலைச் சர்வர்; இங்கே அந்த வேலையைச் செய்வது இன்ஜின்எக்ஸ். டாக்கர் கன்டெய்னர் என்பது ஒரு செயலியைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி.

கேள்வி: இன்ஜின்எக்ஸும் புகைப்படச் சேவையும் தனித்தனி டாக்கர் கன்டெய்னர்களில் ஓடுகின்றன. சேவையின் முகவரியாக 127.0.0.1 கொடுத்தேன், 502 பிழையே வருகிறது.

பதில்: கன்டெய்னருக்குள் 127.0.0.1 என்பது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும். இன்ஜின்எக்ஸ் தனக்குள்ளேயே சேவையைத் தேடிப் பார்த்து, அங்கே அது இல்லாததால் 502 (பின்னால் உள்ள சேவையிடமிருந்து சரியான பதில் இல்லை) என்கிறது. நீங்களே உருவாக்கிய ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் இரண்டையும் இணைத்து, ஐபி முகவரிக்குப் பதிலாகக் கன்டெய்னரின் பெயரையும் அதன் உட்புறப் போர்ட்டையும் (சேவை இணைப்புகளை ஏற்கும் வாயில் எண்) எழுதுங்கள். அதன்பின் டாக்கர் அமைப்பில் சேவையின் போர்ட்டை வெளியே திறந்துவிடும் வரியை மறவாமல் நீக்குங்கள். டாக்கர் தன் விதிகளை ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் ஃபயர்வால் விதிகள்) நேரடியாக எழுதுவதால், யூஎஃப்டபிள்யூவில் (ஃபயர்வாலை எளிதாக அமைக்கும் கருவி) அந்தப் போர்ட்டை மூடியிருந்தாலும் அது திறந்தே கிடக்கும். பிராக்ஸியைத் தொடாமலே எவரும் உள்ளே வரலாம்.

கேள்வி: பெரிய படங்களை ஏற்றினால் 413 (அனுப்பியது அளவில் மிகப் பெரிது என்ற பிழை) வருகிறது.

பதில்: இன்ஜின்எக்ஸின் இயல்பு வரம்பு 1 எம்பி. அமைப்புக் கோப்பில் அதை உயர்த்துங்கள்.

கேள்வி: எனக்கும் 502 வருகிறது. நான் கொடுத்தது 172.18.0.3.

பதில்: கன்டெய்னரை மீண்டும் உருவாக்கினால் அந்த எண் மாறக்கூடும். பெயரை எழுதுங்கள் என்று முதல் பதிலிலேயே சொன்னேன். போர்ட் வரியையும் நீக்குங்கள்.

கேள்வி: வயர்கார்டு என்ற விபிஎன் (சாதனங்களை மறைகுறியீட்டில் இணைக்கும் தனிவழி) இருக்கும்போது இத்தனை சிரமம் எதற்கு? பிராக்ஸியால் பாதுகாப்பு எதுவும் கூடுவதில்லையே.

பதில்: உங்கள் சாதனங்கள் மட்டுமே பயன்படுத்தும் சேவைக்கு வயர்கார்டுதான் சரி; அங்கே இணையத்துக்கு எதையும் திறக்க வேண்டியதில்லை. ஆனால் விபிஎன் நிறுவத் தெரியாத உறவினரும் படங்களைப் பார்க்க வேண்டுமென்றால் பிராக்ஸி தேவைப்படும்.

அதே வாசகர்: அப்படியானால், பிராக்ஸி காவல் அல்ல என்பதை ஏற்கிறீர்களா?

பதில்: முழுமையாக ஏற்கிறேன். செயலியில் ஓட்டை இருந்தால், அதைக் குறிவைத்து வரும் கோரிக்கையையும் பிராக்ஸி அப்படியே உள்ளே அனுப்பிவிடும். அது தருவது ஒரே நுழைவாயில்: எச்டிடிபிஎஸ் சான்றிதழ், வருகைப் பதிவேடு, கூடுதல் கடவுச்சொல் எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைக்கலாம். பக்கத்தில் இன்னொரு போர்ட் திறந்திருந்தால் இந்த நன்மை அத்தனையும் வீண். அதனால்தான் போர்ட் வரியை நீக்குங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். விபிஎன்னுக்குள்ளும் பிராக்ஸி வைக்கலாம். அப்போதும், டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்பில் (டொமைன் உங்களுடையது என்பதை அதன் டிஎன்எஸ் பதிவில் காட்டுவது) எந்தப் போர்ட்டையும் வெளியே திறக்காமலே லெட்ஸ் என்கிரிப்ட் (இலவசச் சான்றிதழ் வழங்கும் அமைப்பு) சான்றிதழ் கிடைக்கும்.

கேள்வி: அந்தச் சான்றிதழைப் பலமுறை முயன்றேன், இப்போது தர மறுக்கிறது.

பதில்: ஒரே டொமைன் பெயர்த் தொகுப்புக்கு 7 நாளில் 5 சான்றிதழ்களே தருவார்கள். இனி அவர்களுடைய சோதனைச் சர்வரில் எல்லாம் சரியாக வந்தபிறகே உண்மையானதைக் கேளுங்கள்.

கேள்வி: 502 வந்தால் என்ன செய்வது?

பதில்: முதல் பதில்.